பழவேற்காட்டு இறாலும் அமெரிக்க நொய்யும்

கிரிட்ஸ் பாக்கெட்டை முதன்முதலாகப் பிரிக்கும் தமிழ்க் கை, யாரும் சொல்லாமலேயே கடுகு டப்பாவுக்குப் போகும். பார்ப்பதற்கு ரவை மாதிரி இருக்கிறது. சற்றுப் பருமன், நிறம் வெள்ளை அல்லது மஞ்சள். அவ்வளவுதானே வித்தியாசம்? கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கொதித்ததும் கொட்டிக் கிளறி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. தட்டில் போட்டு ஒரு வாய் வைத்ததும் பல்லில் நறநறவென்று மணல் அரைபடும். வெளியே வெந்து உள்ளே வேகாத சோளம் அது. "இதைத்தான் அமெரிக்காக்காரன் காலையில் ஆசை ஆசையாய்ச் சாப்பிடுகிறானா?" என்ற கேள்வியோடு மிச்சப் பாக்கெட் பரணுக்குப் போய்விடும்.

கிரிட்ஸ் மீது தவறில்லை. அது உப்புமா சாதியைச் சேர்ந்ததே அல்ல, கூழ் சாதி. கோதுமை ரவையை அணுகும் கையோடு அதை அணுகினால் ஏமாற்றம்தான். கேழ்வரகும் நொய்யும் போட்டுத் துடுப்பால் துழாவிப் பழகிய கை என்றால், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அதற்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரம் போன்ற மீனவக் கிராமங்களில் கூழும் உண்டு, கூடவே இறாலும் உண்டு. அமெரிக்காவின் தெற்குக் கடற்கரையில் கிரிட்ஸ் பெயர் வாங்கியதே இறாலோடு சேர்ந்துதான் என்பதால், இந்த உணவைத் தமிழருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதலில் கிரிட்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நன்றாக முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்தால் அதுதான் கிரிட்ஸ். இன்னும் நைசாக அரைத்தால் சோளமாவு. அமெரிக்கக் கடைகளில் இது மூன்று விதமாகக் கிடைக்கிறது. கல் இயந்திரத்தில் அரைத்தது ஒரு வகை. சோளத்தின் முளைக்கருவும் அதிலேயே இருப்பதால் மணம் அதிகம், வேக முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஆலையில் முளைக்கருவை நீக்கிப் பொடியாக உடைத்தது இரண்டாவது வகை, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஏற்கெனவே வேகவைத்துக் காயவைத்து, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற நிலையில் வருவது மூன்றாவது. கிரிட்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த மூன்றாவதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

மக்காச்சோளம் மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் வளர்த்தெடுத்த பயிர். அங்கிருந்து வடக்கே பரவி, இன்றைய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மஸ்கோகி முதலிய பூர்வகுடிகளின் அன்றாடச் சோறாயிற்று. அவர்கள் உடைத்த சோளத்தை, மரச்சாம்பலைக் கரைத்து வடித்தெடுத்த காரநீர் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கஞ்சியாக்கினார்கள். பெயர் சோஃப்கி. சுடச்சுடக் குடிப்பார்கள், ஓரிரு நாள் வைத்துப் புளித்த பிறகும் குடிப்பார்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கு முதலில் நீட்டுவதும் அதுதான். வெள்ளைக்காரக் குடியேறிகள் அவர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டார்கள். கற்றபோது புளிப்பை மட்டும் விட்டுவிட்டு வெண்ணெயைச் சேர்த்துக்கொண்டார்கள். புளித்த கூழின் அருமை தெரிந்த நமக்கு இது கொஞ்சம் நஷ்டமாகத்தான் படுகிறது.

இந்தக் கதையில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கிளை உண்டு. தென்கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகம் 18ஆம் நூற்றாண்டில் பணம் குவித்தது சோளத்தால் அல்ல, நெல்லால். கடலோரச் சதுப்பு நிலங்களை வயலாக்கி அந்த நெல்லை விளைவித்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள். முழு அரிசி கப்பலேறியது. குத்தும்போது உடைந்த நொய், விளைவித்தவர்களின் பானைக்கு வந்தது. இன்றும் அந்தப் பகுதியில் அரிசி நொய்யை 'அரிசி கிரிட்ஸ்' என்ற பெயரிலேயே விற்கிறார்கள். உழைத்தவருக்கு நொய், வாங்கியவருக்கு முழு அரிசி என்ற பங்கீடு தஞ்சாவூருக்கும் தெரியும், செங்கல்பட்டுக்கும் தெரியும்.

பழவேற்காட்டுக்கும் இந்த வரலாறு முற்றிலும் அந்நியமில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய வணிகத்துக்கு இதுவே தலைநகர். இங்கிருந்து துணி போனது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டு, பத்தேவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்லாது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் எலும்புக்கூடு சிற்பங்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் அந்தப் பக்கம் தெரிய வாய்ப்புக் குறைவு.

சார்ல்ஸ்டனில் இறால் எப்படிக் கிரிட்ஸோடு சேர்ந்தது என்பதற்கு ஆடம்பரமான கதை எதுவும் கிடையாது. கடலோரத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களைக் கல்லா–கீச்சி என்பார்கள். ஓடைகளில் வீச்சு வலை எறிந்தால் இறால் கிடைத்தது, பானையில் கிரிட்ஸ் இருந்தது, இரண்டும் ஒரே தட்டுக்கு வந்தன. 'கொசுப் படை' என்று ஊர் செல்லமாக அழைத்த சிறு படகுகளில் கறுப்பின மீனவர்கள் விடியுமுன் கடலுக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த மீனும் இறாலும் தெருத்தெருவாகக் கூவி விற்கப்பட்டன. அதனால் அது காலைச் சாப்பாடானது. 1930இல் வெளிவந்த சார்ல்ஸ்டன் சமையல் நூல் ஒன்றில் இந்தச் சேர்க்கை முதன்முதலாக அச்சேறியது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு அது அந்தக் கரையைத் தாண்டவில்லை.

தாண்டவைத்தவர் பில் நீல் என்ற சமையல்காரர். வடகரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் அவர் நடத்திய 'க்ரூக்ஸ் கார்னர்' உணவகத்தில், பாலாடைக்கட்டி கலந்த கிரிட்ஸ் மேல், பன்றிக்கொழுப்பில் வதக்கிய இறாலையும் காளானையும் வெங்காயத்தாளையும் பரப்பிக் கொடுத்தார். 1985இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்பார்ன் அதைச் சாப்பிட்டுவிட்டு எழுதினார். அதோடு மீனவர் வீட்டுக் காலைக் கஞ்சி மேசைவிரிப்பு போட்ட உணவகங்களுக்குப் போய்விட்டது. 1998இல் க்ளென் ராபர்ட்ஸ் என்பவர் தென்கரோலினாவில் தொடங்கிய 'ஆன்சன் மில்ஸ்' நிறுவனம், வழக்கொழிந்த நாட்டுச் சோள ரகங்களைத் தேடிப் பயிரிட வைத்துக் கல்லில் அரைத்து விற்கிறது. ஜார்ஜியா மாநிலம் 2002இல் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியதைப் பிறகு விலை வைத்து விற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சென்னையில் தள்ளுவண்டிக் கூழ் மண்சட்டியில் ஊற்றப்பட்டு விடுதி விருந்துகளில் வந்து நிற்கவில்லையா?

இனி இறாலின் பக்கம் வருவோம். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்தில் நுழைந்து, ஏரியின் ஆழமில்லாத சேற்றில் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில்தான் வலை காத்திருக்கிறது. ஆகவே முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால் இறால் வரத்தும் அடைபடும். அதைத் தூர்வார வேண்டும், நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று இந்தக் கிராமங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு இங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்கள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உரிமையுள்ள கிராமத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று வளமான இடத்தில் வலை கட்டியவர் நாளை மட்டமான இடத்துக்கு நகர்வார். மீன்வள ஆய்வாளர்கள் இதைப் பொதுவளப் பங்கீட்டுக்கு எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். பாட்டு உரிமை எல்லாக் கிராமத்துக்கும் எல்லாச் சமூகத்துக்கும் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். வலையும் பாடும் இல்லாத இருளர் பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கையில் சிக்கிய இறாலை அதில் போட்டபடியே நகர்வார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்கும் வேலை அது. சென்னை உணவகத்தில் 'பழவேற்காடு இறால்' என்று எழுதிவைத்த பலகைக்குப் பின்னால் இந்தக் கைகளும் இருக்கின்றன.

பெரிய இறால் வியாபாரியிடம் போய்விடும். வீட்டுக்கு மிஞ்சுவது பொடி இறால், கருவாடு, கொஞ்சம் மடவை, கிழங்கான். இவற்றுக்குத் துணை கூழ். வட தமிழகத்துக் கூழில் கேழ்வரகு பாதி என்றால் நொய் பாதி. முதல் நாள் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிடுவார்கள். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் துழாவி இறக்கி, ஓர் இரவு அப்படியே வைப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் உப்பும் மோரும் தண்ணீரும் விட்டுக் கையால் கரைத்தால் கூழ் தயார். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மோர் மிளகாய், வறுத்த நெத்திலிக் கருவாடு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊரே கூடிக் காய்ச்சி ஊற்றுவதும் இதையேதான். சோஃப்கியும் இதுவும் நேரில் சந்தித்திருந்தால் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

அப்படியென்றால் கிரிட்ஸ் தமிழ்நாட்டுக்கு இப்போதுதான் வருகிறதா? இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஏழைப் பிள்ளைகளின் அலுமினியத் தட்டில் வந்துவிட்டது. 1954இல் அமெரிக்கா நிறைவேற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் அங்கே மிகுந்த தானியங்கள் வெளிநாடுகளுக்கு உதவியாக அனுப்பப்பட்டன. காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் கொடுத்தது. உடைத்த சோளம், உடைத்த கோதுமை, பால் பவுடர், தாவர எண்ணெய் என்று மூட்டையும் டின்னுமாக வந்து இறங்கின. அந்தச் சோளத்தைப் பள்ளிக்கூட ஆயாக்கள் என்ன செய்தார்கள்? உப்புமாதான். மஞ்சள் நிற உப்புமா. இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் அந்த மணத்தை இன்னும் சொல்வார்கள். சிலர் ஆசையோடு, சிலர் முகத்தைச் சுளித்து. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்து சோறும் சாம்பாரும் தட்டில் விழுந்தபின், மஞ்சள் உப்புமா நினைவாகிப்போனது.

அது வீட்டுச் சமையலறைக்குள் நுழையாமல் போனதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல என்று தோன்றுகிறது. இலவசமாக வந்தது, பசிக்காகத் தின்றது, பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் யாராவது ஒரு பாட்டி அதை ஒருநாள் கூழ்ப்பானையில் போட்டுப் பார்த்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமே இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராக நிற்கிறது. அரியலூர், சேலம், திண்டுக்கல் பக்கமும் உண்டு. விளைவதில் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. நாம் சோளத்தை முட்டையாகவும் கோழிக்கறியாகவும் சாப்பிடுகிறோம். மனிதர் தின்பது கடற்கரையில் சுட்டு விற்கும் இளங்கதிரும், திரையரங்கில் பொரிந்து வருவதும்தான். பயிர் அந்நியம் என்று தள்ள முடியாது. நம் மண்ணின் தானியம் என்று நாம் உரிமை கொண்டாடும் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து என்றோ வந்த விருந்தாளிதான்.

சமைக்கும் முன் ஓர் எச்சரிக்கைக் கதையைச் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தால் நோய் வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி தடுமாறும். 1906க்கும் 1940க்கும் இடையில் சுமார் 30 லட்சம் பேருக்கு இது கண்டது, ஏறத்தாழ 1 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. தொற்றுநோய் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில், முன்வந்த கைதிகளுக்குக் கிரிட்ஸ், சோளமாவுப் பண்டங்கள், சர்க்கரைப்பாகு போன்றவற்றையே மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. தொற்றல்ல, சாப்பாட்டில் உள்ள குறை என்று நிரூபணமாயிற்று. குறைந்த சத்து நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெம் ஆய்வுக்குப் பிறகு தெளிவானது.

சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. உடலுக்கு எட்டாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு நீரோ சாம்பல் நீரோ அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். மெக்சிகோக்காரர்களும் மஸ்கோகிகளும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அந்தச் சாம்பல் வேலையை, மேல்நாட்டவர் கைவிட்டார்கள். விளைவுதான் பெலாக்ரா. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தை மட்டும் தின்று வாழ்ந்த ஏழைகளிடமும் இந்த நோய் இருப்பதை ஐதராபாத்தில் ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். இன்று பருப்பு, பால், மீன் என்று கலந்து சாப்பிடும் யாரும் கிரிட்ஸைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இறாலில் நியாசினும் உண்டு, நல்ல புரதமும் உண்டு. மீனவர்கள் அறிவியல் பார்த்துச் சேர்க்கவில்லை, ஆனால் சேர்த்தது சரியாகிவிட்டது. சுண்ணாம்புச் சத்து என்று பார்த்தால் மட்டும் கேழ்வரகின் பக்கத்தில் மக்காச்சோளம் நிற்கவே முடியாது: கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல், சோளத்தில் அதில் ஒரு சிறு துளி.

சரி, அடுப்புக்குப் போகலாம். சிறுதானியக் கடைகளில் மக்காச்சோள ரவை கிடைக்கிறது. 'சோள ரவை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெள்ளைச் சோளமாக இருக்கலாம், கேட்டு வாங்க வேண்டும். ரவை கிடைக்காவிட்டால் உணவுக்கென விற்கும் காய்ந்த மக்காச்சோளத்தை மாவு மில்லில் கொடுத்து ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்ளலாம். கோழித்தீவனக் கடைச் சோளம் மலிவு என்று அதை வாங்கக் கூடாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தில் ஊறும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

நான்கு பேருக்கு ஒரு கோப்பை ரவை போதும். அதைப் பாத்திரத்தில் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினால், தோலும் தவிடும் மேலே மிதந்து வரும். அதை வடித்துவிட்டு, முடிந்தால் இரவே ஊறவைப்பது நல்லது, வேகும் நேரம் குறையும். காலையில் அடிகனமான பாத்திரத்தில் ஐந்து கோப்பைத் தண்ணீர். ஐந்தா என்று உப்புமா கை தயங்கும், தயங்க வேண்டாம். அதிலும் இரண்டு கோப்பை இறால் சாறாக இருந்தால் இன்னும் நல்லது. அரைக் கிலோ இறாலை உரிக்கும்போது தலையையும் ஓட்டையும் குப்பையில் போடாமல், சிறிது எண்ணெயில் சிவக்க வதக்கித் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அந்தச் சாறு கிடைத்துவிடும். சார்ல்ஸ்டன் சமையல்காரர்களும் இப்படிச் செய்வதுண்டு.

தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு, ரவையை ஒரு கையால் தூவியபடி மறு கையால் கிண்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். மறுபடி கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். கெட்டியாகும்போது குமிழி வெடித்துத் தெறிக்கும், கையில் பட்டால் சுடும், ஆகவே நீளக் காம்புக் கரண்டி. பிறகு வேலை பொறுமையுடையது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவ வேண்டும், இறுகினால் வெந்நீர் விட வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் வெந்ததுபோலத் தெரியும், அது பொய். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் அழுத்தினால் நறநறப்பு இருக்கும். முப்பது, நாற்பது நிமிடத்தில் குருணை தனித்தனியாகத் தெரிந்தாலும் அழுத்தினால் குழைய வேண்டும். கரண்டியிலிருந்து மெல்ல வழிய வேண்டும், உருண்டையாக விழக் கூடாது. தட்டுக்குப் போனபின் தானாக இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குவது நல்லது. அமெரிக்கர்கள் இப்போது வெண்ணெய் போடுவார்கள். ஒரு கரண்டி நெய்யும் அந்த வேலையைச் செய்யும். பாலாடைக்கட்டி இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை, மீனவர் வீட்டு மூலத்தில் அது கிடையாது.

அவசரக்காரர்கள் குக்கரில் வைப்பார்கள். வைக்கலாம், வெந்தும்விடும். ஆனால் துழாவும்போது சோளத்தின் மாவுச்சத்து கசிந்து வருகிற வழவழப்பு குக்கரில் வருவதில்லை.

இறால் கடைசியில். கிரிட்ஸ் வெந்து முடியும் நேரத்தில் வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, நறுக்கிய சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். குடல் நரம்பை நீக்கிய இறாலை அதில் போட்டு மூன்று, நான்கு நிமிடம் மட்டும். சுருண்டு நிறம் மாறினால் வெந்தது. அதற்குமேல் விட்டால் ரப்பராகும். கொஞ்சம் இறால் சாறு விட்டுத் தளர்த்தி, மிளகைத் தட்டிப்போட்டு இறக்கினால், கிரிட்ஸ் மேல் ஊற்றும் பதத்தில் தொக்கு இருக்கும். கரோலினாவில் எலுமிச்சை பிழிவார்கள். இங்கே துளி புளித்தண்ணீர் போதும். சோளத்தின் இயல்பான இனிப்புக்குப் புளிப்பும் காரமும் எதிரே நின்றால்தான் சாப்பாடு முழுமையாகும்.

முதல் வாய்க்கு என்ன எதிர்பார்க்கலாம்? தனியாகச் சாப்பிட்டால் கிரிட்ஸுக்குப் பெரிய சுவை ஏதும் கிடையாது. சோற்றுக்கு என்ன சுவை இருக்கிறதோ அவ்வளவுதான். பின்னணியில் லேசான சோள மணம். தொக்கின் எண்ணெயையும் உப்பையும் அது வாங்கிக்கொண்டபின் பேச்சே வேறு. யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்தத் தட்டைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, இறால், நண்டு, மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் போட்டுப் புளியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியல் கூழ் அவர்களுடையது. முற்றத்தில் உட்கார்ந்து ஓலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது வழக்கம். கஞ்சியும் கடலும் சேரும் சமையலில் தமிழர்களிடையே அதுதான் உச்சம், கிரிட்ஸ் அதற்கு ஒரு படி கீழேதான். அந்தக் கூழைக் குடித்த நாக்குக்கு, கிரிட்ஸில் இறாலைத் தனியாகச் சமைத்து மேலே வைப்பது ஏன் என்றுகூடத் தோன்றும். பொடி இறால்தான் கிடைத்தது என்றால் ஒடியல் கூழின் வழியிலேயே போகலாம்: கிரிட்ஸ் முக்கால் பதம் வெந்ததும் இறாலையும் முருங்கையிலையையும் அதிலேயே போட்டு, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டியதுதான்.

முளைக்கரு நீக்காத ரவையில் எண்ணெய்ப்பசை உண்டு. வெளியே வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும், ஆகவே குளிர்பதனப் பெட்டியில் மூடி வைக்க வேண்டும். சமைத்தது மிஞ்சினால் தட்டில் பரப்பி ஆறவிட்டால் களி போல இறுகிவிடும். மறுநாள் அதை வில்லையாக வெட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடுக்கிறார்கள் கரோலினாவில். கூடவே மிச்சக் குழம்பு. பழவேற்காட்டுப் பக்கம் அதற்குத் துணையாக நெத்திலிக் கருவாட்டைத் தக்காளியோடு வதக்கி வைத்தால், அந்தத் தட்டு கரோலினாவின் தட்டைவிட ஒரு பிடி மேலாகவே இருக்கும்.